14 மாதமாகியும் நடை வரவில்லை

கேள்வி: என் மகனுக்கு 14 மாதம் முடிந்துவிட்டது; 6 வாரம் முன்னதாகவே பிறந்தவன். முட்டி போட்டுத் தவழவே இல்லை, உட்கார்ந்தபடியே நகர்கிறான். கட்டிலைப் பிடித்து நிற்கிறான், ஆனால் நடக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்திலேயே நடந்ததைச் சொல்லி, மாமியார் வாக்கர் வாங்கி வந்திருக்கிறார். நான் பயப்பட வேண்டுமா?
- ஒரு வாசகி, முனீர்க்கா, புது தில்லி

பதில்: குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் வளர்ச்சியை, 2 வயது வரை, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிடுவதே முறை. அப்படிப் பார்த்தால் உங்கள் மகனுக்கு இப்போது பன்னிரண்டரை மாதம்தான் ஆகிறது. தென் தில்லிக் குழந்தைகளும் இடம்பெற்ற உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. ஆரோக்கியமான குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8 மாதத்திலிருந்து ஏறக்குறைய பதினேழரை மாதம் வரை பரந்திருப்பதை அது காட்டியது. அவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் முட்டி போட்டுத் தவழவே இல்லை.

மாதக் கணக்கைவிட, அவன் எப்படி அசைகிறான் என்பதே எனக்கு முக்கியம். தரையில் சிந்திய சோற்றுப் பருக்கையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பொறுக்குகிறானா, நிற்கும்போது பாதம் முழுதாகத் தரையில் படிகிறதா, உட்கார நினைத்தால் தொப்பென்று விழாமல் முட்டியை மடக்கி மெல்ல இறங்குகிறானா என்று பாருங்கள். எப்போதும் ஒரே கையை நீட்டினாலோ, கால்கள் விறைத்துப் பின்னிக்கொண்டாலோ, தூக்கும்போது உடல் துவண்டாலோ, முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விட்டிருந்தாலோ காத்திருக்கவே கூடாது. அந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாக்கரை இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். அதில் உட்காரும் குழந்தை நுனிக்காலால் உந்தப் பழகுகிறதே தவிர, தன் உடலைத் தானே தாங்கப் பழகுவதில்லை; படிக்கட்டில் உருண்டு அடிபடும் ஆபத்தும் உண்டு. கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. மாமியாரின் அக்கறை உண்மையானது. பேரன் கட்டிலைப் பிடித்தபடி பக்கவாட்டில் அடி வைக்கத் தொடங்கியதும், ஊரிலிருந்து மர நடைவண்டி ஒன்றை வரவழைக்கும்படி அவரிடமே கேளுங்கள். அதைத் தள்ளக் குழந்தை சொந்தக் காலில் நின்றாக வேண்டும்; அருகில் ஒருவர் இருந்தால் போதும்.

தில்லிக் குளிரில் இரண்டு மூன்று ஸ்வெட்டர் மாட்டிக் குழந்தையை இடுப்பிலேயே வைத்திருக்கிறோம். வெயில் ஏறியபின் ஜமுக்காளம் விரித்து, வெறுங்காலுடன் விடுங்கள். வெயில் படாத குழந்தைகளிடம் வைட்டமின் டி குறைவதும் நடையைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது பிரசவக் குறிப்புகளையும், அவன் நகர்வதைச் செல்பேசியில் எடுத்த காணொலியையும் கொண்டு செல்லுங்கள்; ஊசியைக் கண்டு அழும் குழந்தையிடம் அசைவை மதிப்பிடுவது கடினம்.