பிளான்ட்ட விட்டுட்டு காலேஜுக்குப் போகலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சுட்டு கடலூர் சிப்காட்ல மருந்து மூலப்பொருள் தயாரிக்கிற கம்பெனியில 13 வருஷமா புரொடக்‌ஷன்ல இருக்கேன். வயசு 37. நைட் ஷிப்ட் உடம்புக்கு ஒத்துக்கல, பாடம் நடத்துற ஆசையும் ரொம்ப நாளா இருக்கு. வேலைய விட்டுட்டு லெக்சரரா போகலாமா, இல்ல லேட் ஆயிடுச்சா?

பதில்: லேட்லாம் ஒண்ணும் ஆகல சார், ஆனா வேலைய மட்டும் இப்ப விட்றாதீங்க. 13 வருஷ அனுபவம்னு கேட்டதும் காலேஜ்காரங்க கைநீட்டி கூப்பிடுவாங்கன்னு நினைச்சா அது நடக்காது, அவங்க முதல்ல கேக்குறது நெட் (லெக்சரர் ஆகறதுக்கு தேசிய அளவுல நடக்குற தகுதித் தேர்வு) இருக்கா, செட் (அதே மாதிரி மாநில அளவுல நடக்குறது) இருக்கா, பிஎச்.டி. இருக்கா, அவ்ளோதான். எம்.எஸ்சி.ல 55 சதவீதம் இருக்கணும், இட ஒதுக்கீட்டுப் பிரிவுன்னா 50. நமக்கு அறிவியல் பாடங்களுக்குன்னு இருக்குற சிஎஸ்ஐஆர் நெட், கெமிக்கல் சயின்சஸ் பேப்பர், மொத்தம் 200 மார்க். ஜேஆர்எப்புக்குத்தான் (ஆராய்ச்சி பண்றவங்களுக்குத் தர்ற உதவித்தொகை) வயசு வரம்பு, உதவிப் பேராசிரியர் தகுதிக்கு கிடையாது, அதனால 37 எல்லாம் ஒரு தடையே இல்ல. தப்பான விடைக்கு மார்க் கழிப்பாங்க, பிளான்ட்ல தொடாம விட்ட குவாண்டம், குரூப் தியரி எல்லாம் திரும்ப உக்காந்து படிக்கணும், அதான் கஷ்டம். நெட் இல்லாமலே எடுக்குற தனியார் காலேஜும் இருக்கு, ஆனா அங்க சம்பளத்தைக் கேட்டா வீட்ல சண்டை வரும்.

சரி, இதுல உங்களுக்கு என்ன பிளஸ்னா, வகுப்புல நீங்க சொல்லப்போற விஷயம் எங்கள மாதிரி நேரா காலேஜுக்கு வந்தவங்களுக்கு வராது. நைட்ரேஷன (நைட்ரிக் ஆசிட் சேத்து பண்ற, சூடு கக்குற ரியாக்‌ஷன்) எடுத்துக்குங்க, லேப்ல ஐஸ் பாத்ல பிளாஸ்க்க வெச்சு சொட்டு சொட்டா ஆசிட் விட்டா முடிஞ்சுது, அதையே ரியாக்டர்ல பண்ணும்போது அளவு எல்லாப் பக்கமும் பத்து மடங்கு ஆனா கொள்ளளவு ஆயிரம் மடங்கு, சூடு வெளிய போற பரப்பு நூறு மடங்குதான், அப்ப ரியாக்டரச் சுத்தி இருக்குற ஜாக்கெட்ல போற கூலிங் பத்தாம சூடு ஏறிக்கிட்டே போகும். புக்ல ஈக்வேஷனோட நின்னுடுது சார், பசங்க வேலைக்குப் போய்த்தான் இத முதல்முறையா கேள்விப்படுறாங்க.

ரெண்டையும் ஒரே ஆள் பண்ண முடியுமான்னு சந்தேகம் இருந்தா கெமிஸ்ட்ரி விஞ்ஞானி பி.சி. ராய பாருங்க, கல்கத்தா பிரெசிடென்சி காலேஜ்ல பாடம் எடுத்துக்கிட்டே 1892ல பெங்கால் கெமிக்கல்ஸ்ங்கிற மருந்து கம்பெனிய ஆரம்பிச்சவரு, அவரும் வேலைய விட்டுட்டு கம்பெனி தொடங்கல (அந்தக் காலத்துல நெட்டும் இல்ல, அது வேற).

நைட் ஷிப்ட்தான் உண்மையான தொல்லைன்னா முதல்ல கியூசிக்கோ (தரம் சோதிக்கிற பிரிவு) டெக்னாலஜி டிரான்ஸ்பருக்கோ (லேப்ல பண்ணின முறைய பிளான்ட்டுக்குக் கொண்டுவர்ற பிரிவு) மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க, ஜெனரல் ஷிப்ட் கிடைச்சா சாயங்காலம் படிக்க நேரம் கிடைக்கும். பக்கத்துல இருக்குற ஆர்ட்ஸ் காலேஜ் கெமிஸ்ட்ரி எச்ஓடிய பாத்து லீவு நாள்ல ஒரு கெஸ்ட் லெக்சர் குடுக்கட்டுமான்னு கேளுங்க, காசு வராது, ஆனா கடைசி பெஞ்ச் பையன் போன நோண்டுறப்ப உங்களுக்கு கோவம் வருதா சிரிப்பு வருதான்னு தெரிஞ்சுடும். கோவம் மட்டுமே வந்துச்சுன்னா பிளான்ட்லயே இருங்க, அதுவும் நல்ல வேலைதான்.