கைக்கடிகாரம் திசை காட்டுமா, தூரம் சொல்லுமா?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சின்ன முள்ளைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தால் தெற்கு தெரியும் என்கிறார்கள். நான் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு திசை வருகிறதே?

பதில்: சூரியனைப் பார்த்துக் குறி வைக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். அது கண்ணுக்கும் கேடு, குறியும் அமையாது. கடிகாரத்தைக் கழற்றி மட்டமாக வையுங்கள். சின்ன முள்ளின் நுனிக்கு நேரே, டயலின் ஓரத்தில் ஒரு தீக்குச்சியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். குச்சியின் நிழல் அந்த முள்ளின் மேலேயே விழுந்து டயலின் நடுவைத் தொடும்வரை கடிகாரத்தையும் குச்சியையும் சேர்த்துத் திருப்புங்கள். இப்போது முள் சூரியனைப் பார்க்கிறது. முள்ளுக்கும் 12-க்கும் சரிபாதியில் போகும் கோடுதான் தெற்கு. பிற்பகல் 3 மணி என்றால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடு. காலை 9 என்றால் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடு.

பாதி எடுப்பது ஏன்? சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, சின்ன முள் 30 டிகிரி ஓடுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

கோட்டைவிடும் இடங்கள் சில உண்டு. காலை 6-க்கு முன்பும் மாலை 6-க்குப் பின்பும் வெயில் இருக்கும் ஊர்களில், குறுகிய பக்கத்தைப் பாதியாக்கினால் தெற்குக்குப் பதில் வடக்கு வந்துவிடும். முற்பகலில் பாதிக்கோடு டயலின் இடப்பக்கத்திலும், பிற்பகலில் வலப்பக்கத்திலும் விழ வேண்டும் என்று நினைவில் வையுங்கள். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும் நாடு என்றால் அந்த ஒரு மணியைக் கழித்துவிடுங்கள். கழிக்காவிட்டால் 15 டிகிரி பிசகும். இன்னும் துல்லியம் வேண்டுமா? அன்றைய உதய நேரத்துக்கும் அஸ்தமன நேரத்துக்கும் நடுநேரம் பாருங்கள். அது 12.20 என்று வந்தால், உங்கள் கடிகாரம் சூரியனைவிட 20 நிமிடம் முந்தி ஓடுகிறது.

தென் அரைக்கோளத்தில் சின்ன முள்ளுக்குப் பதில் 12-ஐச் சூரியனுக்கு நேராக வைக்க வேண்டும். 12-க்கும் சின்ன முள்ளுக்கும் நடுவே வருவது வடக்கு.

கேள்வி: பூமத்திய ரேகைக்கு அருகிலும் இந்த முறை பலிக்குமா?

பதில்: பலிக்காது. நம்பிப் போகவும் வேண்டாம். மார்ச் 21-ஐ ஒட்டிப் பூமத்திய ரேகையில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சூரியன் காலை முழுக்கக் கிழக்கிலேயே ஏறி நேரே உச்சிக்கு வரும். ஆனால் இந்தக் கணக்குப்படி 9 மணிக்கு அது தென்கிழக்கில் இருக்க வேண்டும். 45 டிகிரி தப்பு! 11 மணிக்குப் பார்த்தால் தப்பு 75 டிகிரி. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் எங்கேயும் இந்தத் தொல்லை உண்டு. சில மாதங்களில் உச்சிச் சூரியன் எதிர்ப்பக்கமாகவே சாய்ந்திருக்கும். 40 டிகிரி அட்சரேகைக்கு மேலே, குறிப்பாகக் குளிர்காலத்தில்தான் இது ஓரளவு ஒழுங்காக வேலை செய்யும்.

வெப்ப மண்டலத்தில் நிழல்குச்சியே மேல். மட்டமான தரையில் 1 மீட்டர் குச்சியை நட்டு, நிழல் நுனியில் ஒரு சின்னக் கல் வையுங்கள். கடிகாரத்தில் 20 நிமிடம் கழித்து, நகர்ந்த நுனியில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. உச்சிவேளையில் நுனி 9 செ.மீ. அளவுக்குத்தான் நகரும்; ஆகவே பெரிய கல்லை வைத்துவிட்டு எங்கே நுனி என்று தேடாதீர்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது டிஜிட்டல் வாட்ச். என்ன செய்வது?

பதில்: தாளில் வட்டம் போட்டு, 12-ஐயும் அப்போதைய சின்ன முள்ளையும் வரைந்துகொள்ளுங்கள். 3.30 என்றால் முள் மூன்றில் அல்ல, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்.

கேள்வி: வாட்சை வைத்துத் தூரம் கணக்கிட முடியுமா?

பதில்: ஒலி இருந்தால் முடியும். 20 டிகிரி செல்சியஸில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. மின்னலைப் பார்த்ததும் நொடி முள்ளைக் கவனியுங்கள். இடி கேட்கும்வரை ஆன நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். 12 நொடி என்றால் 4 கி.மீ. முப்பது நொடிக்குள் இடி கேட்டால் வெட்டவெளியில் நிற்காதீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரவும் வேண்டாம். பாறைச் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலிக்கு, நேரத்தில் பாதியை மட்டும் எடுங்கள்: 2 நொடி என்றால் பாறை சுமார் 340 மீட்டரில் இருக்கிறது. கால் நொடி பிசகினாலே எதிரொலியில் 40 மீட்டர் மாறும் என்பதால், கிட்டத்துப் பாறைக்கு இது உதவாது.

நடந்த தூரத்துக்கு, 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கே இன்றும் புழக்கத்தில் உள்ளது: 5 கி.மீ.க்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. இது ஓய்வைச் சேர்க்காத கணக்கு. உட்கார்ந்த நிமிடங்களைத் தனியே குறித்து, மொத்த நேரத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.