கம்ப்யூட்டர் கேள்வி பதில்: இரண்டாவது ஹார்ட் டிஸ்க்

கேள்வி: ஆஃப்செட் அச்சகத்தில் டிசைனிங்குக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் 512 ஜிபி எஸ்.எஸ்.டி. நிரம்பிவிட்டது. கூடவே 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று போட நினைக்கிறோம். எஸ்.எம்.பி.எஸ்ஸையும் (மின்சாரம் தரும் பெட்டி) மாற்றச் சொல்கிறார்கள். அவசியமா? (வாசகர், சிவகாசி)

பதில்: வேண்டியதில்லை. 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில விநாடிகளுக்கு 20, 25 வாட் இழுக்கும். பிறகு 10 வாட்டுக்குள் அடங்கிவிடும். கிராபிக்ஸ் கார்டையே தாங்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு இது ஒரு சுமையே இல்லை.

டிஸ்க் வாங்கப் போகும் முன் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க் உட்காரக் காலி இடம், மதர்போர்டில் ஒரு சாட்டா போர்ட் (டிஸ்க்கின் டேட்டா கேபிள் செருகும் இடம்), எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து வரும் 15 பின் பவர் முனை ஒன்று. மூன்றும் இருந்தால், டிஸ்க்கோடு ஒரு டேட்டா கேபிளும் நான்கு திருகாணியும் வாங்கினால் போதும். தனியாக விற்கும் டிஸ்க்கோடு பெரும்பாலும் இவை வராது. திருகாணி 6-32 அளவில் இருக்கட்டும்; எஸ்.எஸ்.டி.க்குப் போடும் எம்3 மெலிது, மரையில் பிடிக்காமல் சும்மா சுற்றும். டெல், எச்.பி. வொர்க்ஸ்டேஷன்கள் சிலவற்றில் டிஸ்க்குக்கான பவர் மதர்போர்டிலிருந்தே சிறு கேபிள் வழியாக வரும். அது மாடலுக்கு மாடல் மாறும், பொதுவான கேபிள் பொருந்தாது.

எந்த டிஸ்க் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எஸ்.எம்.ஆர். வகையில் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு இடத்தில் திருத்தி எழுத, பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். பெரிய பைல்களைத் தொடர்ந்து சேமித்தால் வேகம் படுத்துவிடும். உங்கள் வேலைக்கு, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சி.எம்.ஆர். வகைதான் சரி. 2020ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில டிஸ்க்குகள் எஸ்.எம்.ஆர். என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டி வந்தது, அதன்பிறகே சி.எம்.ஆர். டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்ற பெயரில் பிரித்தது. அதையோ சீகேட்டின் ஐயன்வுல்ஃபையோ கேளுங்கள்.

மாட்டும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பவர் கார்டை உருவிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். கேபினட்டின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு டிஸ்க்கை எடுங்கள். இரு கனெக்டரும் எல் வடிவம், ஒரு பக்கமாகத்தான் நுழையும். திணித்தால் டிஸ்க்கின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்துவிடும்.

விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்கள். டிஸ்க்கின் பிரிவுகளைப் பதியும் முறை எம்.பி.ஆரா ஜி.பி.டி.யா என்று கேட்கும், ஜி.பி.டி. கொடுங்கள். எம்.பி.ஆர். கொடுத்தால் 2 டிபிக்கு மேல் பயன்படாது. பிறகு நியூ சிம்பிள் வால்யூம், என்.டி.எஃப்.எஸ். முதல் தடவை குவிக் ஃபார்மட் டிக்கை எடுத்துவிடுவது நல்லது. ஏழெட்டு மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடலாம். டிஸ்க் முழுவதும் ஒருமுறை எழுதப்படுவதால், பழுது இருந்தால் கடையில் மாற்றிக்கொள்ளும் காலத்துக்குள்ளேயே தெரிந்துவிடும்.

கேள்வி: 4 டிபி என்று வாங்கினேன், 3.63 டிபிதான் காட்டுகிறது. போலியா? (வாசகர், திருச்சி)

பதில்: இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது.

கேள்வி: புதிய டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்கிறது. ஆனால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங்ஸ் திரை) பெயரே இல்லை. கேபிளையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். (வாசகர், ஈரோடு)

பதில்: உங்கள் எஸ்.எஸ்.டி. எம்.2 ஸ்லாட்டில் (மதர்போர்டிலேயே கேபிள் இல்லாமல் செருகும் இடம்) இருக்கிறதா? பல மதர்போர்டுகளில் அந்த ஸ்லாட்டும் ஓரிரு சாட்டா போர்ட்டுகளும் ஒரே தடத்தைப் பங்குபோடும், எஸ்.எஸ்.டி. உட்கார்ந்ததும் அந்தப் போர்ட்டுகள் செத்துவிடும். எவை என்று போர்டின் கையேட்டில் இருக்கும். டேட்டா கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

சத்தமே கேட்காதவர்கள் வேறு இடத்தில் பார்க்க வேண்டும். யு.எஸ்.பி. பெட்டியைப் பிரித்து எடுத்த டிஸ்க்குகள் சிலவற்றில், பவர் முனையின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்கும். பழைய நான்கு பின் மோலெக்ஸ் பவர் முனையைச் சாட்டாவாக மாற்றும், 3.3 வோல்ட் கம்பி இல்லாத அடாப்டர் போட்டால் ஓடும். கம்பிகள் பிளாஸ்டிக்கில் உருக்கி வார்த்த அடாப்டர் வேண்டாம். உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிப்பது உண்டு.

கேள்வி: பழைய மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை) எஸ்.எம்.பி.எஸ்ஸின் சாட்டா பவர் கேபிள் கையில் இருக்கிறது. புதிய எஸ்.எம்.பி.எஸ்ஸில் அச்சாகப் பொருந்துகிறது. பயன்படுத்தலாமா? (வாசகர், கோவை)

பதில்: கூடவே கூடாது. டிஸ்க் பக்க முனைக்குத்தான் பொது விதி உண்டு. எஸ்.எம்.பி.எஸ். பக்க முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் வேறுபடும். 5 வோல்ட் கம்பியில் 12 வோல்ட் பாய்ந்தால், சுவிட்ச் போட்ட நொடியில் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு கருகிவிடும். உங்கள் எஸ்.எம்.பி.எஸ். மாடலுக்கென்றே விற்கும் கேபிளை வாங்குங்கள்.

கேள்வி: இரண்டாவது டிஸ்க் போட்டதிலிருந்து விண்டோஸ் வரவில்லை, 'நோ பூட் டிவைஸ்' என்கிறது. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பயாஸில் பூட் வரிசை மாறியிருக்கும். விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்கு ஏற்றுங்கள். அங்கே இருக்கும்போது சாட்டா மோடை (டிஸ்க்கோடு மதர்போர்டு பேசும் முறை) ரெய்டிலிருந்து ஏ.ஹெச்.சி.ஐ.க்கு மாற்றிவிடாதீர்கள், விண்டோஸ் கிளம்பாமல் நீலத்திரைப் பிழை வந்து நிற்கும். பின்னாளில் விண்டோஸை மறுபடி போடும்போது இரண்டாவது டிஸ்க்கின் டேட்டா கேபிளைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பூட் பைல்கள் அதில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். பிறகு அந்த டிஸ்க்கை எடுத்தால் மெஷின் கிளம்பாது.