ஜனதா வாட்ச் வேகமாக ஓடினால் மெஷினையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா எட்டு வருடமாக பீரோவில் கிடந்தது. சாவி கொடுத்தால் ஓடுகிறது. ஆனால் நாளுக்கு 20 நிமிடம் முந்திப் போகிறது. "ஓவராகச் சாவி கொடுத்துவிட்டீர்கள், மெஷினையே மாற்ற வேண்டும்" என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்த ஓவர் சாவி கதையை விட்டுத்தள்ளுங்கள். சாவி இறுகி நின்றதும் விரலை எடுத்துவிட்டால் போதும், முழுச் சாவி கொடுத்ததால் எந்த வாட்சும் கெடாது.

ஜனதாவின் உள்ளே பேலன்ஸ் வீல் விநாடிக்கு 5 தட்டு, மணிக்கு 18,000 தட்டு என்று இப்படியும் அப்படியும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தின் வேகத்தைப் பிடித்து வைப்பது ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள். சுருள் குட்டையானால் ஆட்டம் வேகமாகும். 20 நிமிடம் முந்த, நீளம் நூற்றுக்கு 3 பங்கு குறைந்தாலே போதும். சுருளின் இரண்டு சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இதுதான் நடக்கும். ஒட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் காந்தம், இல்லையென்றால் எண்ணெய்.

ஸ்பீக்கர் பக்கத்திலோ காந்தப் பூட்டு வைத்த பைக்குள்ளோ இருந்தாலே காந்தம் ஏறிவிடும். அதை இறக்கும் சின்னக் கருவி, கருத்தாக வேலை செய்யும் எந்த மெக்கானிக்கிடமும் இருக்கும். சில விநாடி வேலை. இதை முதலில் செய்யச் சொல்லுங்கள்.

எண்ணெய் எப்படி வந்தது? இங்கேதான் எனக்குக் கோபம் வரும். சர்வீஸ் என்ற பெயரில் மெஷினைக் கழற்றாமல் அப்படியே பெட்ரோலில் முக்கி எடுக்கிறார்கள். பழைய எண்ணெயும் அழுக்கும் கரைந்து எங்கும் பரவி, ஹேர்ஸ்பிரிங்கிலும் படலமாக ஒட்டும். சக்கர அச்சுகள் சுழலும் கல்லுக்குள் இருக்கும் கசடு அங்கேயே இருக்கும். அரை மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்றால் அது முக்கல்தான், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, சாவி கொடுத்தால் இறுகும் மெயின்ஸ்பிரிங்கின் டப்பாவையும் திறந்து கழுவி, பூட்டி, சொட்டுச் சொட்டாக எண்ணெய் வைத்து, ஒரு நாளாவது ஓடவிட்டுப் பார்ப்பதுதான் சர்வீஸ். எட்டு வருடம் கிடந்த உங்கள் வாட்சுக்கு இது எப்படியும் தேவை.

மெஷினை மாற்ற வேண்டிய நிலைமை ஒன்று உண்டு: துரு. துரு என்று சொன்னதும் பயப்படவும் வேண்டாம். சாவித் தண்டில் துரு என்றால் தண்டை மட்டும் மாற்றலாம். திருகில் என்றால் திருகை. பேலன்ஸின் அச்சு ஒடிந்திருந்தால் பேலன்ஸை மட்டும். தண்ணீர் புகுந்து, சக்கரங்களின் அச்சு முனைகளைத் துரு அரித்து, அவற்றைத் தாங்கும் அடித்தகட்டிலும் பொரிந்துவிட்டது என்றால்தான் மெஷினை மாற்றுவதில் அர்த்தம். அந்தத் துருவை லென்ஸ் வழியாக உங்கள் கண்ணால் பாருங்கள். அவர் வாயால் கேட்டது போதாது.

மாற்று மெஷினும் புதிதாக வரப்போவதில்லை. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டு சேர்ந்து எச்.எம்.டி. பெங்களூரில் தொடங்கிய வாட்ச் தயாரிப்பை 2016-ல் இழுத்து மூடினார்கள். வீட்டுக்கு வீடு கிடக்கும் வாட்ச்களுக்கு இனி உதிரிபாகம் எங்கே வாங்குவது என்று யாராவது யோசித்தார்களா? அந்த இடத்தைப் புரோக்கர்கள் பிடித்துக்கொண்டார்கள். நான்கு செத்த வாட்சைப் பிரித்து ஒன்றாகக் கோத்து, டயலுக்குப் பளபளவென்று பெயின்ட் அடித்து விற்கிறார்கள். உங்கள் அப்பா கட்டிய மெஷினும் அந்தச் சந்தைக்குத்தான் போகும்.

ஆகவே கடையில் கொடுக்கும் முன், பின்மூடியைத் திறக்கச் சொல்லி மெஷினை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எதிரிலேயே. டயலைத் தொடக் கூடாது என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எது மாற்றினாலும் பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். அதுவரை தினமும் சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டாம், காய்ந்த எண்ணெயில் ஓடினால் அச்சு தேயும்.