இணைப்பு வரைபடத்தில் முனைகள் தனித்து மிதப்பது பற்றி

மார்க்டவுன் (எளிய குறிகளால் வடிவமைக்கும் உரை) கோப்புகளிலுள்ள இணைப்புகளைப் பைத்தான் நிரலால் திரட்டி, டி3 என்ற வரைபட நூலகத்தில் கோப்புகளை முனைகளாகவும் இணைப்புகளைக் கோடுகளாகவும் வரைந்தால், இணைப்புகள் இருந்தும் பாதி முனைகள் கோடின்றி மிதப்பது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு இணைப்பு முகவரியையும், அது எழுதப்பட்டிருக்கும் கோப்பின் கோப்புறையிலிருந்து கணக்கிட்டு முழுப் பாதையாக மாற்றிய பிறகே வரைபடத்தில் சேருங்கள். நீங்கள் காட்டிய நிரலைப் பார்த்தால், பெரும்பாலும் இப்படி மாற்றாததுதான் காரணம்.

‘வழிகாட்டி’ கோப்புறையிலுள்ள ஒரு கோப்பில் ‘../அமைப்பு#பதிப்பு’ என்றிருந்தால், அது சுட்டுவது ஒரு படி மேலே உள்ள ‘அமைப்பு’ கோப்பை. உங்கள் நிரல் அதை அப்படியே சரமாக எடுத்துக்கொள்வதால், அந்தப் பெயரில் முனையே கிடைப்பதில்லை. முதலில் # குறியையும் அதன் பின்னுள்ளதையும் வெட்டி, %20 என்பதை இடைவெளியாக்கி, கோப்புறைப் பாதையோடு சேர்த்த பின் பைத்தானின் நார்ம்பாத் (normpath) சார்பிடம் கொடுங்கள்; அது ../ போன்றவற்றை நீக்கிப் பாதையைச் சீராக்கும்.

எந்த முனையோடும் பொருந்தாத இணைப்புகளை உங்கள் நிரலிலுள்ள வடிகட்டி வரி சத்தமில்லாமல் தூக்கி எறிகிறது. அது இல்லாதிருந்தால் டி3 முனையைக் காணவில்லை என்று பிழை காட்டி நின்றிருக்கும். அதுவே மேல் என்பேன்.

சோதிக்க, அந்த வரி கழிக்கும் முகவரிகளை அச்சிட்டுப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ../ தெரிந்தால் காரணம் உறுதி. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு மட்டுமே தெரிந்தால் சிக்கல் கோப்புப் பெயர்களில் இருக்கிறது. விண்டோஸில் திறக்கும் அத்தகைய இணைப்பு லினக்ஸில் பொதுவாகத் திறக்காது.

இதன் பிறகும் சில கோடுகள் தவறாக வரலாம். சுருங்குறித்தொடர் (regex எனும் தேடல் வடிவம்) கொண்டு இணைப்புகளைத் தேடினால், நிரல் எடுத்துக்காட்டுகளுக்குள் இருக்கும் போலி இணைப்புகளும் சிக்கும். முகவரியைக் கோப்பின் அடியில் தனியே எழுதும் வகை இணைப்புகளோ விடுபட்டுப் போகும்.