அதிபர் நூலகம் இணையத்துக்கு வரும்போது: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க அதிபர் நூலகங்களுக்கு யார் பணம் தருகிறார்கள் சார்?

பதில்: பதவி முடிந்த அதிபரின் தாள்களைக் காக்கும் காப்பகங்கள் இவை. கட்டுவது நன்கொடையில், நடத்துவது அரசு. 1955 சட்டம் வகுத்த வழி அது. பராமரிப்புச் செலவு ஏறிக்கொண்டே போனதால், கட்டடத்தோடு ஒரு வைப்பு நிதியும் தர வேண்டும் என்று 1986இல் விதித்தார்கள். கட்டடச் செலவில் 20 சதவீதமாக இருந்த அது, 2008இல் 60 சதவீதமானது. ஒபாமாவுக்கு அரசு நடத்தும் நூலகக் கட்டடமே கிடையாது. தாள்களை ஸ்கேன் செய்யும் செலவை அவருடைய அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது.

கேள்வி: எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டால் போதும்தானே அண்ணா?

பதில்: போதாது தம்பி. ஒபாமா காலத்துத் தாள்கள் மட்டுமே சுமார் 3 கோடி பக்கம். யார் எழுதியது, யாருக்கு, என்றைக்கு, எதைப் பற்றி என்ற விவரக்குறிப்பு இல்லாவிட்டால் தேடுகிறவர் கையில் ஒன்றும் சிக்காது. நிதி கேட்கும்போது ஸ்கேனருக்கு அள்ளி ஒதுக்கிவிட்டு, விவரம் எழுதும் ஆட்களுக்குக் கிள்ளிக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. பணம் பற்றவில்லையா, தன்னார்வலர்களைக் கூப்பிடுங்கள். அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் கடிதங்களை இணையத்தில் தொகுக்கும் பல்கலைக்கழக மையத்துக்கு அவர்கள் பெரிய கை கொடுக்கிறார்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஒரு அதிபர் நூலகத்தின் இணையதளத்தைக் காட்டினேன். இரண்டே நிமிடத்தில் மூடிவிட்டாள்.

பதில்: பட்டியலைக் காட்டியிருப்பீர்கள். ஒரே ஒரு தாளைக் காட்டுங்கள். 1941இல் ஜப்பான் நடத்திய பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஆற்றிய உரையின் வரைவில், 'உலக வரலாற்றில்' நிலைக்கும் நாள் என்று தட்டச்சாகியிருக்கும். அந்தச் சொற்களை அடித்துவிட்டு, மேலே 'இழிவு' என்ற பொருள்படும் சொல்லைத் தன் கையால் எழுதியிருக்கிறார். அவர் அடித்த அந்தக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்க்கட்டும்.

அப்புறம் கென்னடியின் 1961 கடிதம். ரஷ்யர்கள் வட துருவத்தில் குண்டு வெடித்தால் சாண்டா கிளாஸ் என்ன ஆவார் என்று பயந்து ஒரு சிறுமி எழுதினாள். நேற்றுதான் அவரிடம் பேசினேன், நலமாக இருக்கிறார் என்று பதில் போட்டார் அதிபர். இதைப் படித்துவிட்டு எந்தக் குழந்தை மூடிவிட்டுப் போகும்?

கேள்வி: கம்பெனிகளிடம் உதவி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். பாஸ்டனில் கென்னடி நூலகம் இ.எம்.சி. என்ற கணினிச் சேமிப்பு நிறுவனத்தின் கருவிகளையும் மென்பொருளையும் நன்கொடையாக வாங்கித்தான் 2011 ஜனவரியில் தன் இணையக் காப்பகத்தைத் திறந்தது. ஆனால் திறப்பு விழாவுக்குப் பணம் தர நிறையப் பேர் வருவார்கள். பத்தாம் வருஷம் சர்வர் வாடகையை யார் கட்டுவது என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.