ஏற்கெனவே கை கால் விழுந்தவருக்கு மறுபடி பக்கவாதம் வந்தால் மூளையில் அடைத்த ரத்தக்கட்டியை எடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. நான்கு வருடம் முன்பு பக்கவாதம் வந்து இடது கை, கால் பலவீனமாகிவிட்டன. தடியூன்றி வீட்டுக்குள் தானே நடப்பார், சாப்பிடுவார். குளிக்க மட்டும் ஆள் வேண்டும். மறுபடி வந்தால், 'ஏற்கெனவே முடியாதவர்' என்று ரத்தக்கட்டியை எடுக்கும் சிகிச்சையை மறுத்துவிடுவார்களா?

பதில்: பழைய பலவீனம் மட்டுமே மறுப்பதற்குப் போதுமான காரணம் அல்ல. இந்தச் சிகிச்சையின் பலனை 2015-இல் நிலைநாட்டிய ஆய்வுகளில் பெரும்பாலும் சுயமாக இயங்கியவர்களே சேர்க்கப்பட்டார்கள். அதனால்தான் உங்கள் அப்பா போன்றவர்கள் விஷயத்தில் மருத்துவர்கள் தயங்குகிறார்கள். அதன்பின் சேர்ந்த அனுபவத்தில், இவர்களுக்கும் ரத்தக்குழாய் அடைப்பு மற்றவர்களுக்குத் திறக்கும் ஏறக்குறைய அதே அளவில் திறக்கிறது. மூன்று மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்தான். ஆனாலும் ஒரு பகுதியினர் பழைய நிலைக்கே திரும்புகிறார்கள். உங்கள் அப்பாவுக்கு இலக்கு அதுதான்: முழு குணம் அல்ல, மறுபடி தடியூன்றி நடப்பது. தடியூன்றி நடப்பவர் படுக்கையில் விழுவது அவருக்கும் வீட்டுக்கும் எத்தனை பெரிய இழப்பு என்பது உங்களுக்கே தெரியும்.

மருத்துவர்கள் ராங்கின் அளவுகோலை வைத்து முந்தைய நிலையை மதிப்பிடுவார்கள். 0 என்றால் எந்தக் குறையும் இல்லை. 5 என்றால் முழுப் படுக்கை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அப்பா 3. தடி இருந்தாலும் ஆள் பிடிக்காமல் நடந்தால் 3, ஆள் பிடித்தால்தான் நடப்பார் என்றால் 4. தவறு நடப்பது இங்கேதான். பதற்றத்தில் குடும்பத்தார் "அவரு ஏற்கெனவே பக்கவாத நோயாளி டாக்டர்" என்று மட்டும் சொல்கிறார்கள். அது 4 என்றோ 5 என்றோ பதிவாகிவிடலாம். "நேற்றுவரை யாரும் பிடிக்காமல் கழிப்பறைக்குப் போனார், பேப்பர் படித்தார், எங்களை அடையாளம் கண்டு பேசினார்" என்று சொல்லுங்கள்.

பழைய இடது பக்கத்தோடு புதிய குறைபாடு கலந்து தெரிவது இன்னொரு சிக்கல். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை இறங்குவது ஆகியவற்றாலும் பழைய பலவீனம் திடீரென்று கூடும். வலிப்புக்குப் பிறகும் அப்படி ஆகலாம். அதனால் எது பழசு, எது இன்று வந்தது என்று பிரித்துச் சொல்லுங்கள். வலது கை விழுந்தாலோ, பேச்சு நின்றாலோ, கண்கள் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டாலோ அது புதிது. பெரிய ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா என்பதை சி.டி. ஆஞ்சியோகிராம் என்ற ரத்தக்குழாய் ஸ்கேன் காட்டும். அடைப்பு அங்கே இருந்தால்தான் கட்டியை எடுக்க முடியும்.

அறிகுறி தெரிந்ததும் 108-ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். தூங்கி எழும்போது தெரிந்தால், தூங்கப்போன நேரம்தான் கணக்கு. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கட்டியை எடுப்பது 6 மணி நேரத்துக்குள், ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளைப் பகுதி தெரிந்தால் 24 மணி வரை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு ஊசி போட முடியாமல் போகலாம். கட்டியை எடுப்பதற்கு அது பெரும்பாலும் தடையில்லை. வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவாக இருந்தால் அது கேடு. காபி, தண்ணீர் எதுவும் வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

சிகிச்சையில் தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை மூளைவரை செலுத்துவார்கள். வலைபோன்ற ஸ்டென்ட்டைக் கட்டிக்குள் விரித்துச் சில நிமிடம் காத்திருந்து இழுப்பார்கள், அல்லது உறிஞ்சி எடுப்பார்கள். ஒரே இழுப்பில் வந்தால் நல்லது. முயற்சி கூடக்கூட ரத்தக்குழாய்ச் சுவர் காயப்படும், ரத்தக்கசிவு அபாயமும் ஏறும். கட்டி துணுக்காக உடைந்து வேறு கிளையை அடைப்பதும் உண்டு. வயதானவர்களின் ரத்தக்குழாய்கள் வளைந்து நெளிந்திருப்பதால் குழாய் மேலே ஏறவே நேரமாகலாம்.

முழுப் படுக்கையில் இருப்பவர், முற்றிய மறதிநோய் உள்ளவர், மூளையின் பெரும்பகுதி ஏற்கெனவே செத்துப்போனவர் என்றால், வேண்டாம் என்று மருத்துவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உங்கள் அப்பா அந்த வரிசையில் இல்லை.

இன்றே செய்யவேண்டியது: 24 மணி நேரமும் இந்தச் சிகிச்சை செய்யும் மருத்துவமனை பக்கத்தில் எது என்று விசாரியுங்கள். அப்பாவிடமே அவர் விருப்பத்தைக் கேளுங்கள். அவர் தினமும் தானே செய்பவை, மாத்திரைப் பெயர்கள், பழைய ஸ்கேன் அறிக்கையின் நகல் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு மருந்துப் பெட்டியிலேயே வையுங்கள்.